வண்டு மோட்டார் முதல் ரிமோட் படகு வரை... டாங்க்கைப் பிரிச்சு மேயுறவங்களுக்கு ஒரு டெஸ்லா கதை!

உங்க மேஜையில் ஒரு 1/16 அளவு டைகர் டாங்க் இருக்கிறதா? வாங்கி வந்த அன்றைக்கே நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, மேல்மூடியைத் தூக்கி, உள்ளே என்ன இருக்கு என்று பார்த்த ஆளா நீங்க? அப்படியென்றால் இந்தக் கதை உங்களுக்குத்தான்.

ரிமோட் டாங்க் என்பது வாங்கி ஓட்டுகிற பொழுதுபோக்கு என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஓட்டுவது பத்து நிமிஷம்தான். மீதி நேரமெல்லாம் பிரிப்பதும் மாட்டுவதும். ஹெங் லாங் டாங்க்கில் வருகிற பிளாஸ்டிக் டிராக்கைக் கழற்றிவிட்டு மெட்டல் டிராக் போடுவோம். அந்த வெயிட்டைத் தாங்காமல் கியர்பாக்ஸ் பல் தேயும். உடனே ஸ்டீல் கியர்பாக்ஸ். அதற்குப் பழைய பேட்டரி போதாது, லிப்போ பேட்டரி. அதை உள்ளே இருக்கிற போர்டு தாங்குமா என்று ஒரு தேடல். டரெட் முழுசாகச் சுற்றினால் ஒயர் முறுக்கிக்கொள்கிறது என்று ஒரு ஸ்லிப் ரிங். கடைசியாக, கம்பெனி அடித்துக்கொடுத்த பளபள பெயின்ட் மேல் சேறு, துரு, புகைக்கரி என்று ஏர்பிரஷ்ஷில் ஒரு வாரம். 1/35 அளவில், ஓடாத பிளாஸ்டிக் கிட்டை வாங்கி, விரல் அகல என்20 மோட்டார் ரெண்டை அதற்குள் திணித்து ஓட வைப்பவர்கள் தனி ரகம். பொறுமையில் அவங்க நம்மைவிட ஒரு படி மேல்.

சரி, இதை முதன்முதலில் செய்தது யார்? கையில் ஒரு பெட்டி, எதிரே ஒரு குட்டி வாகனம், நடுவில் ஒயரே இல்லை. பெட்டியைத் திருகினால் வாகனம் திரும்புகிறது. இதை ஊரைக் கூட்டிக் காட்டி பேட்டன்ட்டும் வாங்கியவர் நிகோலா டெஸ்லா. வருஷம் 1898. டெஸ்லா என்றதும் உங்களுக்குக் கார் ஞாபகம் வரும். காரை விடுங்க, மனுஷனைப் பார்ப்போம்.

கடிகாரத்தைப் பிரித்த பையன்

1856 ஜூலை 10. இன்றைய குரோஷியாவில் இருக்கும் ஸ்மில்யான் என்ற கிராமம். அன்றைக்கு அது ஆஸ்திரியப் பேரரசின் ராணுவ எல்லைப் பகுதி. அப்பா மிலுடின், செர்பிய ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டுக்குத் தேவையான சின்னச் சின்னக் கருவிகளைத் தானே யோசித்துச் செய்துகொள்வார். தறியில் உட்கார்ந்தால் நூல் நூற்பது முதல் துணி வரை எல்லாம் அவர் கைதான். தன் மூளை எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் டெஸ்லா அம்மாவைத்தான் காட்டினார்.

சின்ன வயசு டெஸ்லா என்ன செய்தார் என்று பார்த்தால், அசல் மாடிஃபிகேஷன் பைத்தியம். தாத்தாவின் கடிகாரங்களைப் பிரிப்பார். பிரிக்கிற வேலை எப்போதும் வெற்றி. திரும்ப மாட்டும்போதுதான் சிக்கல் என்று பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். (முதல் கியர்பாக்ஸைப் பிரித்து, மாட்டிய பிறகு மேஜையில் ரெண்டு வாஷர் மிச்சம் இருந்ததைப் பார்த்து விழித்தவர்கள் கை தூக்கலாம்.) மூங்கில் குழாய் மாதிரி ஒரு குழாயில் சணல் அடைப்பான் வைத்துக் காற்றழுத்தத்தில் சுடும் பொம்மைத் துப்பாக்கி செய்தார். அக்கம்பக்கத்து ஜன்னல் கண்ணாடிகள் போனதும் அந்த ஆராய்ச்சி நின்றது. பிறகு மரக்கட்டையில் வாள் செதுக்கி, சோளக்காட்டுக்குள் இறங்கி, ஒவ்வொரு தட்டையையும் எதிரிப் படைவீரனாக நினைத்துச் சாய்த்தார். அதற்கு அம்மாவிடம் அடி.

எனக்கு ரொம்பப் பிடித்தது வண்டுக் கதை. அந்த ஊரில் கோடையில் வண்டுகள் கூட்டம் கூட்டமாக வரும். டெஸ்லா நாலு வண்டைப் பிடித்து, மெல்லிய அச்சில் சுழலும் ஒரு குறுக்குக் கட்டையில் பொருத்தினார். வண்டுகள் பறக்கப் பார்க்க, கட்டை சுழலும். அந்தச் சுழற்சியை ஒரு பெரிய வட்டுக்குக் கடத்தினார். மோட்டார் ரெடி! வெயில் ஏற ஏற வண்டுகள் இன்னும் வேகமாக உழைக்கும். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியின் மகன் ஒருவன் வந்தான். டப்பாவில் இருந்த வண்டுகளை உயிரோடு எடுத்து, ருசித்துச் சாப்பிட ஆரம்பித்தான். அருவருப்பில் அதோடு டெஸ்லா எந்தப் பூச்சியையும் தொடுவதை விட்டுவிட்டார்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தாலும் அந்த வீட்டில் ஒரு பெரிய துக்கம் இருந்தது. அண்ணன் டானே, குதிரையால் ஏற்பட்ட விபத்தில் சின்ன வயசிலேயே இறந்துபோனான். வீட்டின் செல்லப்பிள்ளை அவன்தான். தான் எதைச் சாதித்தாலும் அது பெற்றோருக்கு இறந்துபோன மகனை ஞாபகப்படுத்துகிறது என்ற உணர்வோடுதான் டெஸ்லா வளர்ந்தார். அப்பாவுக்கோ மகன் பாதிரியார் ஆக வேண்டும். 1873-ல் டெஸ்லாவுக்குக் காலரா வந்தது. மாதக்கணக்கில் படுக்கை. பிழைக்க மாட்டான் என்று எல்லோரும் நினைத்த ஒரு தருணத்தில், இன்ஜினீயரிங் படிக்கவிட்டால் பிழைத்துக்கொள்வேன் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா இறங்கி வந்தார். பையன் எழுந்துவிட்டான்.

தீப்பொறி பிடிக்காத மாணவன்

1875-ல் கிராஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே வகுப்பில் பேராசிரியர் ஒரு டைனமோவை மோட்டாராக ஓட்டிக் காட்டினார். அதன் பிரஷ்கள் தொடும் இடத்தில் தீப்பொறி பறந்தது. அந்த பிரஷ்ஷே இல்லாமல் மோட்டார் செய்யலாமே என்றார் டெஸ்லா. முடியவே முடியாது என்று பேராசிரியர் ஒரு வகுப்பு முழுக்க விளக்கம் கொடுத்தார்.

உங்க டாங்க்கின் மோட்டார்களைத் திருப்பிப் பாருங்கள். முனைகளில் 104 என்று அச்சடித்த குட்டி கெபாசிட்டர்கள் சால்டர் செய்திருக்கும். இல்லையென்றால் நாமே போட வேண்டும். எதற்கு? பிரஷ்ஷில் பறக்கிற அதே தீப்பொறி ரேடியோ சிக்னலைக் கெடுக்கும் என்பதற்காகத்தான். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளில் இதைப் போடாவிட்டால் டாங்க் பேய் பிடித்த மாதிரி உதறும். டெஸ்லா கிராஸில் எரிச்சலோடு பார்த்தது இந்தத் தீப்பொறியைத்தான்.

படிப்பை அவர் முடிக்கவில்லை. சூதாட்டத்தில் விழுந்து, பட்டம் வாங்காமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார். ஆனால் அந்த மோட்டார் யோசனை மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. 1882-ல் புடாபெஸ்ட் பூங்கா ஒன்றில் நண்பரோடு நடந்துகொண்டிருந்தபோது விடை கிடைத்துவிட்டது. கையில் இருந்த குச்சியால் மண்ணிலேயே படம் வரைந்து காட்டினார். சுழலும் காந்தப்புலம். பிரஷ் வேண்டாம்; தீப்பொறியும் வராது.

அடுத்த பத்து வருஷத்தை நீங்க ஏற்கெனவே எங்காவது வீடியோவில் பார்த்திருப்பீங்க. அதனால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1884-ல் நியூயார்க். எடிசன் கம்பெனியில் வேலை, சில மாதங்களில் விலகல். சொந்தக் கம்பெனி தொடங்கி, முதலீட்டாளர்கள் கைவிட்டதில் கூலிக்குப் பள்ளம் தோண்டும் நிலை. 1888-ல் அவருடைய ஏ.சி மோட்டார் பேட்டன்ட்டுகளை வெஸ்டிங்ஹவுஸ் எடுத்துக்கொள்ள, 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஏ.சி மின்சாரத்தில் விளக்குகள் ஜொலித்தன. அடுத்து நயாகரா மின்நிலையம். ஊரே கொண்டாடியது.

1895 மார்ச் 13 அதிகாலை, நியூயார்க்கில் அவருடைய ஆய்வகம் இருந்த கட்டடம் தீப்பிடித்தது. கருவிகள், மாடல்கள், குறிப்புகள், வருஷக்கணக்கான உழைப்பு எல்லாம் சாம்பல். இன்ஷூரன்ஸ் கிடையாது. அப்போது அவருக்கு வயசு 38. ஹவுஸ்டன் தெருவில் வாடகைக்கு இடம் பிடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் புது ஆய்வகத்தில் பிறந்ததுதான் நம்ம படகு.

பெட்டியில் ஒரு லீவர், தண்ணீரில் ஒரு படகு

1898-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மின்சாரக் கண்காட்சி. நடுவில் தண்ணீர் நிரப்பிய தொட்டி. அதில் மூணு, நாலு அடி நீளத்தில் இரும்பு உடம்புடன் ஒரு படகு, மேலே ஆன்டெனா, விளக்குகள். அமெரிக்கா ஸ்பெயினோடு போருக்குப் போன வருஷம் அது. போர்க்கப்பல், டார்பிடோ தவிர வேறு பேச்சே இல்லை.

டெஸ்லா பெட்டியில் இருந்த லீவரை நகர்த்தினார். படகு கிளம்பியது. திரும்பியது. நின்றது. விளக்குகளை அணைத்து ஏற்றியது. கூட்டத்துக்குத் தலை சுற்றியது. ரேடியோ என்ற வார்த்தையே மக்கள் வாயில் புழங்காத காலம் அது. மனசாலேயே ஓட்டுகிறார் என்றும், மந்திரம் என்றும், உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறது என்றும் ஆளாளுக்குப் பேசினார்கள். டெஸ்லாவும் சும்மா இருக்கவில்லை. படகிடமே கேள்வி கேளுங்கள் என்று கூட்டத்தைத் தூண்டிவிட்டார். யாரோ 64-ன் கனமூலம் என்ன என்று கேட்க, படகின் விளக்கு நாலு முறை மின்னியதாக அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நல்ல ஷோமேன்தான்!

உள்ளே என்ன இருந்தது? நமக்கு அதுதானே முக்கியம்.

ஒரு பேட்டரி. புரொப்பெல்லருக்கு ஒரு மோட்டார், சுக்கானுக்கு ஒரு மோட்டார். ரிசீவர் என்பது கோஹிரர் என்ற சின்னக் குழாய். அதற்குள் உலோகத் தூள். ரேடியோ அலை வந்து தொட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். பிரச்னை என்னவென்றால், ஒருமுறை ஒட்டிக்கொண்டால் தானாகப் பிரியாது. அடுத்த சிக்னலைப் பிடிக்க வேண்டும் என்றால் அதைக் குலுக்க வேண்டும். டெஸ்லா, ஒவ்வொரு சிக்னலுக்கும் அந்தக் குழாயைத் தலைகீழாகப் புரட்டிவிடும் ஏற்பாட்டைச் செய்தார். மணல் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற மாதிரி.

இதைவிட அழகு ஸ்டியரிங். இன்றைக்கு நம்ம ரிமோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சேனல். டெஸ்லாவிடம் இருந்தது ஒரே ஒரு சிக்னல்: இருக்கு அல்லது இல்லை. அதை வைத்து எப்படி இடதும் வலதும் திருப்புவது? படகுக்குள் ஒரு வட்டு வைத்தார். ஒவ்வொரு சிக்னலுக்கும் அது ஒரு படி நகரும். ஒரு படியில் சுக்கான் ஒரு பக்கம் திரும்பும், அடுத்த படியில் நிற்கும், அதற்கடுத்ததில் மறுபக்கம், மறுபடி நிற்கும். கையில் இருக்கும் பெட்டியின் லீவரும் அதே வரிசையில் நகர்வதால், படகு எந்தப் படியில் இருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியும்.

1950-களில் ஹாபிக்காரர்கள் வீட்டில் செய்த ஒற்றைச் சேனல் ரேடியோ விமானங்களும் படகுகளும் ஏறக்குறைய இதே வழியில்தான் ஓடின. முறுக்கிய ரப்பர் பேண்டின் விசையில் ஒரு சின்னச் சக்கரம். பட்டனை ஒருமுறை அமுக்கினால் வலது, விட்டால் நேர், மறுபடி அமுக்கினால் இடது. எண்ணிக்கை தவறினால் விமானம் மரத்தில். உங்களிடம் ஒரு ஆர்டுயினோ போர்டும் பழைய டாங்க் சேசிஸும் சும்மா கிடந்தால், ஒரே பட்டனில் இதை முயற்சி செய்து பாருங்கள். முன்னால், இடது, முன்னால், வலது என்று வரிசை வைத்துக்கொண்டு வரவேற்பறை நாற்காலிகளுக்கு நடுவே ஓட்டினால், டெஸ்லா மேல் தனி மரியாதை வரும்.

பேட்டன்ட் எண் 613809. விண்ணப்பம் 1898 ஜூலை, அனுமதி நவம்பர் 8. இந்த மாதிரி ஒன்று ஓடும் என்பதை நம்ப முடியாமல், தலைமைப் பரிசோதகரே நியூயார்க் வந்து நேரில் பார்த்துவிட்டுத்தான் அனுமதி கொடுத்ததாக டெஸ்லா எழுதியிருக்கிறார். அந்த ஆவணத்தில் அவர் படகோடு நிற்கவில்லை. பலூன், தரையில் ஓடும் வண்டி எல்லாவற்றுக்கும் சேர்த்தே உரிமை கேட்டிருக்கிறார். டாங்க் என்ற ஒன்று போர்க்களத்துக்கு வர இன்னும் 18 வருஷம் இருந்தது.

இன்னொன்றையும் அவர் யோசித்துவிட்டார். வேறொருவன் அதே அலைவரிசையில் சிக்னல் அனுப்பினால் என்ன ஆகும்? பழைய 27 மெகாஹெர்ட்ஸ் டாங்க் ரெண்டை ஒரே அறையில் ஓட்டியவர்களுக்கு இது தெரியும்; ஒரு ரிமோட்டுக்கு ரெண்டும் சலாம் போடும். டெஸ்லாவின் வழி, ரெண்டு வெவ்வேறு அலைவரிசைகள் ஒரே நேரத்தில் வந்தால்தான் கருவி கீழ்ப்படியும் என்பது. பூட்டுக்கு ரெண்டு சாவி மாதிரி. 1903-ல் அதற்கும் பேட்டன்ட் கிடைத்தது. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டில் ரிமோட்டையும் ரிசீவரையும் பைண்ட் செய்வது வேறு தொழில்நுட்பம்தான், ஆனால் தீர்க்கிற பிரச்னை அதேதான். என்னைக் கேட்டால், படகைவிட இது பெரிய விஷயம். படகை யாராவது ஒருவர் சீக்கிரம் செய்திருப்பார்கள். அதை எதிரி திருடக் கூடாது என்று முதல் மாடலிலேயே கவலைப்பட ஒரு தனி மூளை வேண்டும்.

போரை நிறுத்தப் போகும் பொம்மை

இங்கேதான் கதை கொஞ்சம் கனமாகிறது.

டெஸ்லா அந்தப் படகைப் பொழுதுபோக்குக்குச் செய்யவில்லை. ஆளில்லாமல் போய்த் தாக்கும் ஆயுதம் அது. இதன் அழிவு சக்தியைப் பார்த்து நாடுகள் பயந்து, போரையே கைவிட்டுவிடும் என்று பேட்டன்ட் ஆவணத்துக்குள்ளேயே எழுதினார். 1900-ல் செஞ்சுரி இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில் இன்னும் ஒரு படி போனார்: இனி இயந்திரங்கள் இயந்திரங்களோடு மோதும், மனிதர்கள் பார்வையாளர்களாக இருப்பார்கள், ரத்தம் சிந்தாத போட்டியாகப் போர் மாறி, கடைசியில் அதுவும் சலித்துப்போய் நின்றுவிடும். யோசித்துப் பார்த்தால், அவர் வர்ணித்தது நாம் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இன்ஃப்ராரெட் பீரங்கியோடு விளையாடும் டாங்க் சண்டையை. அடிபட்டால் டாங்க் உதறும், கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு எல்லோரும் டீ குடிக்கப் போவோம்.

அவருடைய நண்பர் மார்க் ட்வைன் வியன்னாவிலிருந்து கடிதம் எழுதி, இந்தப் பயங்கரக் கருவியின் ஐரோப்பிய உரிமைகளைத் தானே விற்றுத் தருவதாகச் சொன்னார். விற்பனை எதுவும் நடக்கவில்லை. அமெரிக்க அரசிடம் கொடுக்கலாம் என்று வாஷிங்டன் போன டெஸ்லாவைப் பார்த்து ஓர் அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் காலத்தில் பேட்டன்ட்டுக்கு ஆயுள் 17 வருஷம். 1915 நவம்பரில் அது காலாவதி ஆனது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். அடுத்த செப்டம்பரில் சோம் போர்க்களத்தில் முதல் டாங்க் இறங்கியது, உள்ளே ஆட்களோடு.

டெஸ்லாவின் கவனமும் அதற்குள் வேறு பக்கம் போயிருந்தது. 1899-ல் கொலராடோவில் செயற்கை மின்னல். 1901-ல் ஜே.பி.மார்கன் கொடுத்த 1,50,000 டாலரில் லாங் ஐலண்டில் வார்டன்கிளிஃப் கோபுரம். உலகம் முழுக்க ஒயர் இல்லாமல் செய்தியும் மின்சாரமும் அனுப்பும் திட்டம். மார்கன் மேற்கொண்டு பணம் தரவில்லை. தங்கியிருந்த ஆடம்பர ஹோட்டலின் பாக்கிக்காக அந்த இடமே கைமாறி, 1917-ல் கோபுரத்தை இடித்தார்கள். அதன் பிறகு ஹோட்டல் மாற்றி ஹோட்டல், வாடகை பாக்கி, பூங்காவில் புறாக்களுக்குத் தீனி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ரேடியோவில் ஓடும் டாங்க் நிஜமாகவே வந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். சோவியத் ராணுவம் டி-26 டாங்க்குகளை ரேடியோவில் இயங்கும்படி மாற்றியது. நிஜ அளவில், நிஜ டாங்க்கில் ஒரு கன்வர்ஷன்! பின்னால் வரும் இன்னொரு டாங்க்கிலிருந்து அதை ஓட்டுவார்கள். 1939-40 குளிர்காலத்தில் பின்லாந்து மீது அவற்றை ஏவினார்கள். ஜெர்மனி போர்க்வார்ட்-4 என்ற ரேடியோ வண்டியைச் செய்தது. வெடிமருந்தைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பி வரும். 1943 ஜூலையில் கூர்ஸ்க் போரில் கண்ணிவெடி வயல்களைத் திறக்க அதை இறக்கினார்கள். பின்னாளில் சில டைகர் டாங்க்குகளே அந்த வண்டிகளை இயக்கும் தலைமை வண்டிகளாகப் போயின. 1/16 டைகர் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டிய கன்வர்ஷன் இது. டைகருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி போர்க்வார்ட், ரெண்டுக்கும் ஒரே ரிமோட்.

கூர்ஸ்க்கில் மனிதர்கள் பார்வையாளர்களாக நிற்கவில்லை. ரேடியோ வண்டி திறந்த பாதையில் ஆட்கள் நிறைந்த டாங்க்குகள்தான் பின்னால் வந்தன. இரண்டு பக்கமும் செத்தவர்கள் எண்ணிக்கை லட்சங்களில்.

டெஸ்லா அதைப் பார்க்கவில்லை. 1943 ஜனவரி 7-ம் தேதி, 86 வயசில், நியூயார்க்கர் ஹோட்டலின் 33-வது மாடியில் 3327-ம் எண் அறையில் தனியாக இறந்துபோனார். கதவில் தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அட்டை தொங்கியது. மறுநாள் பணிப்பெண் துணிந்து கதவைத் திறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய காகிதங்களில் ஏதாவது ஆயுத ரகசியம் இருக்கலாம் என்ற பயத்தில் அமெரிக்க அரசு அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் சிரித்து அனுப்பிய அதே அரசு. ஒன்றும் பயப்படும்படி இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பெட்டிகள் 1950-களின் தொடக்கத்தில் பெல்கிரேடுக்குக் கப்பலேறின. இன்றைக்கு அங்கே அவர் பெயரில் இருக்கும் மியூசியத்தில், தங்க நிறக் கோளம் ஒன்றில் வைத்த அவருடைய அஸ்தியோடு சேர்ந்து இருக்கின்றன.